பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். அரிசிக் குக்கர், தையல் மிஷின், மகளின் முதல் ஹேண்ட்ஃபோன், எதற்கும் விதிவிலக்கு இல்லை. மஞ்சளைக் குழைத்து ஒரு தீற்று, நடுவில் குங்குமம், ஒரு கிள்ளுப் பூ, கொஞ்சம் சூடம். அதற்குப் பிறகுதான் யாரும் கை வைக்கலாம். ஒரு முறை என் மனைவி புது மடிக்கணினியின் யூஎஸ்பி துளைக்கு நேராகவே சந்தனத்தை அப்பிவிட்டாள். பல் குத்தும் குச்சியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுரண்டினேன். "மேல வைடி, ஓட்டைக்குள்ள வைக்காத" என்று அன்று நான் கத்தியதை அவள் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆக, ஒரு பொருளில் மஞ்சள் குங்குமம் ஈரமாக இருந்தால் அது புதுசு, இன்னும் யாரும் பயன்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நம்பித்தான் என் அக்கா பத்திரமாக வைத்திருந்த ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோப்பி ஆறுவதற்குள் அழித்துவிட்டேன்.

நான் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீடு புந்தோங்கில். வார நாட்களில் அலுவலகத்துக்கு உழைப்பேன், ஞாயிற்றுக்கிழமையில் சொந்தபந்தங்களுக்கு. "அண்ணே, டிவியில படம் தெரிய மாட்டேங்குது." "மாமா, மேக்ல காப்பி பண்ண விட மாட்டேங்குது." ஆளாளுக்கு ஒரு பெண்ட்ரைவோ ஹார்ட் டிஸ்க்கோ தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் சும்மா சரி செய்து கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை. உட்கார வைத்து விளக்கம் சொல்வேன். கேட்காமல் வெளியே பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

விளக்கம் இதுதான். டிஸ்க் என்பது வெறும் காடு. அதில் எதையாவது வைக்க வேண்டுமானால் முதலில் நிரை பிரிக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் மரங்களை நிரை நிரையாகப் பிரித்து, எந்த நிரை யாருக்கு என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். ஃபார்மட் செய்வது அந்த வேலைதான். விண்டோஸ் ஒரு விதமாகப் பிரிக்கும், மேக் வேறு விதமாகப் பிரிக்கும். ஒன்று எழுதிய புத்தகத்தை மற்றொன்றுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும், பார்க்க விடுமே தவிர எழுத விடாது. பழைய டிவிகளுக்கு ஃபாட் 32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும், அதில் பெரிய வீடியோவைப் போட முடியாது. எல்லாருக்கும் ஓரளவு பொதுவானது எக்ஸ்ஃபாட். என்னிடம் வரும் பாதிப் பேருக்கு மருந்து அதுதான். நண்பர் மகளுக்குத் திருமண வாழ்த்து சொல்லப் போன இடத்தில்கூட நான் எக்ஸ்ஃபாட் பற்றிப் பேசினேன் என்று மனைவி சொல்வாள். அது உண்மையல்ல. ஆனால் பேசக்கூடியவன்தான்.

என் அக்கா ஆயர் தாவார் ஊரில், தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். அங்கிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் நாங்கள் பிறந்த தோட்டம். முன்பு ரப்பர், பிறகு செம்பனை. அக்கா பதினேழு வயதில் பால் வெட்டப் போனாள், பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் முதல் பிள்ளை. அந்தப் பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. அப்போது நான் ஈப்போவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். "உங்கக்காவுக்குப் புள்ள தங்கல" என்று சித்தப்பா சொன்னார். பள்ளி விடுமுறைக்கு நான் தோட்டத்துக்குப் போனபோது அக்கா வழக்கம்போல் பால் வெட்டப் போயிருந்தாள். வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும், பிள்ளையைப் பெற்றவளானாலும் சரி. பச்சைப் பிள்ளைகளுக்குக் கல் நடுவதும் இல்லை. அக்காவின் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்பது எங்கள் அப்பாவுக்கும், மச்சானுக்கும், அதாவது அக்காவின் கணவருக்கும், குழி வெட்டிய ஆளுக்கும் மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்பா போய் வெகு காலம் ஆகிறது. மச்சானும் சில வருடங்களுக்கு முன் போய்விட்டார்.

நாங்கள் சுடுகாடு என்று சொல்லும் அந்த இடுகாட்டு நிலம் வீடு கட்டுவதற்காகக் கைமாறியது. கல் இருந்த சமாதிகளைத் தோண்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றுவது, மற்றதை மண் போட்டு நிரவிவிடுவது என்று பேசி முடித்தார்கள். அது நடப்பதற்கு முன் அக்கா தன் மகனைக் கூப்பிட்டுச் சுடுகாடு முழுவதையும் படம் எடுத்து வைக்கச் சொன்னாள். அவன் கோலாலம்பூரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவன், அவளுக்கு இருக்கும் ஒரே பிள்ளை. "ஒன்னையும் விடாத. வெறும் புல்லா இருந்தாலும் எடு" என்று சொல்லியிருக்கிறாள்.

அவனும் இரண்டு வாரக் கடைசிகளில் வந்து எடுத்தான். குழி வெட்டிய பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு கூடவே நடந்து, இது இன்னார், இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று காட்டினார். அவர் பேசியதையும் அவன் வீடியோவில் பிடித்துக்கொண்டான். பிறகு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினான். கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். அவனிடம் வேறு பிரதி இல்லை. அந்தப் பெரியவரும் இரண்டு மாதத்தில் காலமானார். லாரிகள் வந்து மண் கொட்டி, இடம் சமதரையாகிவிட்டது.

அக்கா அந்தப் படங்களில் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. மகன் மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க் அவளுடைய டிவிக்குப் புரியவில்லை. ஃபோனில் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறான். "வேணாம். பெருசாப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்னால் தெரிந்தது ஒன்றே ஒன்று. அக்கா மகன் ஒரு நாள் ஃபோன் செய்து, "மாமா, புது டிஸ்க் ஒன்னு வாங்கித் தாரேன். அம்மா டிவி, கோயில் மண்டபத்து லேப்டாப், என் மேக் மூனுலயும் ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றான். கொண்டு வா என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது அக்கா கூப்பிட்டாள். பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, என் வீட்டுக்குப் போய், திரும்பிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, டிஸ்க்கை உங்க வீட்டு சாமி மேடையில வச்சிருக்கேன். எல்லாத்துலயும் தொறக்குற மாதிரி பண்ணிக் குடுடா."

என் முன்னால் ஒரு பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. அரைக் காதில் கேட்டேன். "சரிக்கா, சரிக்கா. ரெண்டு நிமிச வேலைலா."

"பார்த்துப் பண்ணு" என்றாள். அவள் நான் சாலையைக் கடக்கும்போதும் அதைத்தான் சொல்வாள், வெந்நீர் குடிக்கும்போதும் அதைத்தான் சொல்வாள். அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கோப்பியோடு மேசையில் உட்கார்ந்தேன். சாமி மேடையில் ஒரு வெற்றிலையின் மேல் டிஸ்க் இருந்தது. மஞ்சள் இன்னும் முழுதாகக் காயவில்லை. நடுவில் அழகாக வட்டமாகக் குங்குமம், பக்கத்தில் இரண்டு மல்லிகை. சரி, புதுசு வந்துவிட்டது என்று எடுத்து மாட்டினேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று விண்டோஸ் கேட்டது. கடையிலிருந்து வரும் புது டிஸ்க் பெரும்பாலும் அப்படிக் கேட்காது. இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. எக்ஸ்ஃபாட் என்று தேர்ந்தெடுத்தேன். இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்று மறுபடி எச்சரித்தது. எத்தனை ஆயிரம் முறை பார்த்த எச்சரிக்கை. சரி என்று அழுத்தினேன். சில நொடிகளில் முடிந்தது.

அக்கா மகனைக் கூப்பிட்டு, வேலை முடிந்தது, ஏற்ற வேண்டியதைக் கொண்டு வந்து ஏற்றிக்கொள் என்றேன்.

"எதுல ஏத்துறது மாமா?"

"புது டிஸ்க்லதான். உங்கம்மா நேத்துக் கொண்டாந்து வச்சாங்களே."

"நான் இன்னும் புதுசு வாங்கலையே மாமா. அம்மா கொண்டாந்தது படம் இருக்கிற டிஸ்க்கு. பஸ்ல வந்தவங்க அதைத்தான் எடுத்துட்டு வந்தாங்க."

அது புதுசு இல்லையென்றால் பொட்டு எதற்கு என்று அவன்மேலேயே எரிந்து விழுந்தேன். தப்பு செய்தவனுக்கு அந்த நேரத்தில் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது.

"வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அம்மா அதை சாமி மேடையிலதான் வச்சிருக்காங்க" என்றான். "வெள்ளிக்கிழமையானா தொடச்சு, மஞ்சள் குங்குமம் வச்சு, பால் வைப்பாங்க. நேத்து உங்க வீட்டு மேடையில வைக்கிறப்பவும் வச்சிருப்பாங்க. உள்ள அவங்க மொதப் புள்ளையோட எடம் இருக்கில்ல."

டிஸ்க்கைக் கழற்றினேன். என் விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாமல் விட்டதுதான். சீக்கிர முறையில் ஃபார்மட் செய்யும்போது கிராணியின் புத்தகம்தான் கிழிகிறது. மரங்கள் உடனே சாய்வதில்லை. மேலே வேறு எதையும் எழுதாமல் இருந்தால், தேடிப் பிடிக்கும் மென்பொருளை விட்டு ஒவ்வொரு அங்குலமாகத் துழாவி, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் சேர்க்கலாம். அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை செய்து கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்வேன். இந்த முறை திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து, "அக்காகிட்ட இப்பவே சொல்லிடுங்க" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன்.

அக்கா மகனிடமும் அம்மாவிடம் எதுவும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். அவன் என்னைத் திட்டவில்லை. அவனுக்கும் தன் பங்குக் குற்றவுணர்ச்சி இருந்தது, இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லையே என்று. "அந்தப் பெரியவரு அம்மா பேரைச் சொல்லி ஒரு எடத்தைக் காட்டினாரு மாமா. அந்தப் படத்தை அம்மான்னு ஒரு ஃபோல்டர்ல போட்டேன். எந்த எடம்னு இப்பக் கேட்டா எனக்குத் தெரியாது. எல்லாம் புல்லுதானே" என்றான்.

மூன்றாம் நாள் தேடல் முடிந்தது. நானூறுக்கு மேல் படங்கள் கிடைத்தன. பெயர்கள் ஒன்றும் இல்லை, ஃபோல்டர்கள் இல்லை, வெறும் எண்கள். வீடியோக்களில் ஒன்றுகூட ஓடவில்லை. அந்தப் பெரியவரின் குரல் போனது போனதுதான். யார் எங்கே என்று சொன்ன ஒரே குரல் அது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். புல், சரிந்த மேடு, நட்ட செங்கல், காய்ந்த மட்டை, மறுபடி புல். இதில் எதை எடுத்து என் அக்காவிடம் காட்டுவது?

இடையில் அவள் இரண்டு முறை ஃபோன் செய்தாள். கொஞ்சம் வேலை இருக்கிறது, நேரம் எடுக்கும் என்றேன். "அவசரம் இல்லடா. இத்தனை வருசம் இருந்தாச்சு, இன்னும் ரெண்டு நாளு காத்திருக்கிறது ஒன்னும் சூசா இல்ல" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நான் செய்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நானூறு படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சின்ன மேடு, சுற்றி நான்கைந்து செங்கல், ஓரத்தில் மஞ்சளாக ஒரு காட்டுப் பூ, சாய்ந்த வெயில். படம் அழகாக இருந்தது, வேறு காரணம் கிடையாது. அக்கா அந்த இடத்துக்குப் போனதே இல்லை, பெண்கள்தான் போவதில்லையே. காட்டியவரும் இல்லை. இதுதான் என்று சொன்னால் மறுக்க ஆள் கிடையாது. அவள் மனம் ஆறும். என் தப்பும் வெளியே தெரியாது. கடைசியாகச் சொன்ன காரணம்தான் உண்மையில் முதல் காரணம்.

அந்த ஒரு படத்தை ஒரு பெண்ட்ரைவில் அவள் டிவிக்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாருக்குக் காரை ஓட்டினேன். மடிக்கணினிப் பையும் காரில் இருந்தது. அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள். டிவித் திரையைத் துடைத்து வைத்திருந்தாள். ஒரு நாற்காலியைத் திரைக்கு மிகக் கிட்டே இழுத்துப் போட்டிருந்தாள். சாமி மேடையில் விளக்கு எரிந்தது. எனக்கு ஒரு தட்டில் பீகூன் நூடுல்ஸ் எடுத்து வைத்தாள், தான் சாப்பிடவில்லை. பெண்ட்ரைவை மாட்டினேன். படம் திரை முழுக்க வந்தது.

"இதுதான்க்கா" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது, அவ்வளவு தெளிவாக வந்தது.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இது இல்ல" என்றாள்.

"இதுதான்க்கா. அந்தப் பெரியவரே காட்டியிருக்காரு. வீடியோவுல சொல்றாரு."

"அவரு சொன்னாரா?"

"ஆமா."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பி ஏற இறங்கப் பார்த்தாள். "இது ஆயாக் கொட்டாய்ல நம்மளப் பார்த்துக்கிட்ட ஆயாவைப் பொதச்ச எடம்டா. நீயும் அவங்க மடியிலதான் கெடந்தே. அந்தச் செங்கல்லை அவங்க மருமவன் நட்டாரு. நான் கண்ணால பார்த்தவ."

"நீங்க எப்படிப் பார்த்தீங்க? பொம்பளைங்க அங்க போறது இல்லையே."

"யாரு சொன்னா?"

அவளாகவே சொன்னாள். பிள்ளையைக் கொண்டு போன எட்டாம் நாள் அவள் வேலைக்கு இறங்கினாள். அவள் கேட்டு வாங்கிய நிரை சுடுகாட்டை ஒட்டியது. காயாத புது மண்ணைப் பார்த்தே இடத்தைக் கண்டுகொண்டாள். பால் வெட்டி முடித்து, வடிந்த பாலைச் சேர்க்க வாளி எடுக்கும் முன் கிடைக்கும் இடைவெளியில், பக்கத்து நிரைக்காரி ஒருத்தி வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வருகிறாரா என்று பார்த்துக்கொள்ள, இவள் உள்ளே போய்விட்டு வருவாள். இவள் ஒருத்தி மட்டும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அத்தனை பெண்களும் அப்படித்தான் போய் வந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி காவல். எந்த ஆணுக்கும் தெரியாது. தோட்டம் செம்பனைக்கு மாறி அவள் வேறு வேலைக்குப் போகும்வரை ஏழு வருடம், வாரத்தில் ஆறு நாள். எட்டாம் நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த இடத்தை நான் அவளுக்குக் காட்ட வந்திருந்தேன்.

"அப்பறம் ஏன்க்கா நேர்ல போய்ப் பார்க்கல? மண்ணு போட்டு நெரவுறதுக்கு முன்னாடி?"

"முட்டி இருக்கிற நெலமையில யாரு கூட்டிட்டுப் போவா? கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. அதான் எல்லாத்தையும் எடுத்துட்டு வாடான்னு அவன்கிட்ட சொன்னேன். நானே பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம்னு."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. பொட்டைப் பார்த்துப் புதுசு என்று நினைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற ஆள், அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. டிவியில் இருந்த ஆயாவின் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை தவறி அழிஞ்சுது. அதுக்கு உன்னை நான் என்ன சொல்ல முடியும்? ஆனா பொய்யி எதுக்குடா சொன்னே? வேற யாரோட மண்ணையோ என் புள்ளன்னு காட்டி, நான் அதுக்கு வெளக்கு ஏத்தியிருந்தா?"

பெண்ட்ரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மத்த படமெல்லாம் எங்க?" என்றாள். காருக்குப் போய் மடிக்கணினியை எடுத்து வந்தேன். கேபிளை டிவியில் மாட்டி, முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். "மெதுவாப் போ" என்றாள்.

மெதுவாகப் போனோம். பெரியவர்களின் மேடுகளை அவள் கையசைத்துத் தள்ளினாள். பிள்ளைகளின் பக்கம் வந்ததும் ஒவ்வொன்றிலும் நிறுத்தச் சொன்னாள். "இது மேட்டு லயத்து அக்காவோட ரெட்டைப் புள்ளைங்க." "இது ஸ்டோர்ல பால் அளந்தவரு மவன், காய்ச்சல்ல போனான்." எனக்குப் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள். புல்லுக்கு நடுவில் பழுப்பாக, உள்ளங்கை அளவில் ஏதோ தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். மரத்தில் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு, கவிழ்த்து மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது.

"புள்ளைங்களுக்கு மட்டும்தான் மங்கு. அவங்கவங்க மரத்துல இருந்தது. ஆம்பளைங்க பார்த்தா குப்பைன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள். "நல்ல மங்கு கொறைஞ்சா மண்டோர் கத்துவாரு. அதனால ஒடஞ்சதா எடுத்துப்போம். ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி ஒடஞ்சிருக்கும். அதை வச்சுத்தான் அடையாளம்."

இப்போது நானும் பார்க்க ஆரம்பித்தேன். படத்துக்குப் படம் மங்கு இருந்தது. நான்கு நாள் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான், என் கண்ணில் ஒன்றுகூடப் பட்டிருக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எண்ணையும் ஆளையும் குறித்துக்கொண்டேன். மதியம் தாண்டியது. அவள் சாப்பிட எழவில்லை. இருநூறு, இருநூற்றைம்பது என்று போய்க்கொண்டிருந்தது. கிடைக்காத படங்களில் அவளுடையதும் ஒன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்தினேன். ஃபார்மட் செய்ததில் எத்தனை போனது என்று எனக்கே தெரியாது. முன்னூறைத் தாண்டியது.

"நிறுத்து."

நான் பயனற்றது என்று ஏற்கெனவே ஒதுக்கியிருந்த படம் அது. படம் எடுத்த அக்கா மகனின் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்திருக்கிறது. அவனுடைய நிழல் பாதிப் படத்தை மூடியிருந்தது. கேமராவைப் பிடித்த முழங்கைகள் வரை நிழலில் தெரிந்தன. நிழல் விழாத பகுதியில் ஒரு மங்கு, விளிம்பில் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

அக்கா எழுந்து திரையருகில் போனாள். மங்கைத் தொட்டாள். பிறகு அந்த நிழலின் மேல் கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"பாருடா. தம்பிக்காரன் வந்து அவ பக்கத்துல நின்னிருக்கான்" என்றாள்.

அவ. அதுவரை எனக்கு அது ஆணா பெண்ணா என்பதே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் அதை ஒரு முறையும் கேட்டதில்லை. எனக்கு ஒரு மருமகள் ஒன்பது நாள் இருந்திருக்கிறாள்.

அந்தப் படத்தை மட்டும் உடனே மூன்று இடங்களில் பிரதி எடுத்தேன், டிஸ்க்கில், பெண்ட்ரைவில், அவளுடைய ஃபோனில். எண் மட்டும் இருந்தால் மறுபடி தேட வேண்டியிருக்கும், இதற்கு என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன். பிறந்த முப்பதாம் நாள்தான் எங்களிடம் பெயர் வைப்பார்கள். ஒன்பது நாளில் போன பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 'அக்கா பிள்ளை' என்று எழுதுவதற்குத் தயாராக விரலை வைத்திருந்தேன்.

அவள் ஒரு பெயரைச் சொன்னாள்.

யோசிக்காமல், தினமும் கூப்பிட்டுப் பழகிய மாதிரி சொன்னாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. மச்சானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் தட்டச்சு செய்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்துக் கோலாலம்பூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பிறகு, "உங்கக்கா பேரு சொல்றேன், எழுதிக்க" என்றாள்.